அடுத்த தேதி எழுதாமல் நோட்டை மூடாதே

அன்புள்ள தங்கைக்கு,

கம்பெனிப் பொருளை வீட்டிலிருந்தே விற்க ஆரம்பித்தாய்; முதல் மாதம் நன்றாக விற்றது, இரண்டாம் மாதம் பாதியானது, இப்போது யாரிடம் பேசுவதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். உன் பேச்சிலும் குறையில்லை, பொருளிலும் குறையில்லை. முதல் மாதம் வாங்கியவர்கள் சொந்தக்காரர்களும் தோழிகளும். உன் முகத்துக்காக வாங்கினார்கள். அவர்களே மறுபடி வாங்க வேண்டுமென்றால், பொருள் தீரப்போகும் சமயத்தில் உன்னிடமிருந்து போன் போக வேண்டும். அந்தச் சமயம் எப்போது என்று நீ எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்படிக் கடையில்லாமல் தெரிந்தவர்களிடம் நேரடி விற்பனை செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரு நீள நோட்டு எடு. வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். மேலே பெயர், போன் எண், எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார் என்பது. கீழே ஐந்து கட்டம்: வாங்கிய தேதி, பொருள், அளவு, பாக்கி, அடுத்து பேசும் தேதி. அந்த ஐந்தாவது கட்டம் நிரம்பினால்தான் விற்பனை முடிந்ததாகக் கணக்கு.

தேதியைக் குத்துமதிப்பாகப் போடாதே. 200 மில்லி ஷாம்பு பாட்டிலை எடுத்துக்கொள். ஒரு தடவைக்கு 10 மில்லி என்றால் 20 தடவை வரும். வாரம் மூன்று தடவை தலைக்குக் குளித்தால் ஆறரை வாரம். அதே பாட்டிலை இரண்டு பேர் எடுத்தால் மூன்று வாரம் சொச்சம்தான். ஆகவே பணம் வாங்கும்போதே, "வீட்ல எத்தனை பேர் போடுவீங்க?" என்று கேட்டுவிடு. தீரும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் கூப்பிடு. பொருள் வந்து சேரும் நாட்களும் அதற்குள் அடங்கிவிடும். தீர்ந்தபின் கூப்பிட்டால் அவர் கடையில் வேறொன்று வாங்கியிருப்பார். அது காலியாகும்வரை உனக்கு வேலை இல்லை.

இடையில் இரண்டு அழைப்புகள் உண்டு. வாங்கிய இரண்டாம் நாள், பிரித்துப் பயன்படுத்த ஆரம்பித்தாரா என்று கேள். பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் பொருளுக்கு மறு ஆர்டர் வரவே வராது. இரண்டாவது வாரம், ஒத்துக்கொண்டதா என்று கேள். குறை சொன்னால் வாதாடாமல், அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள். திருப்பி எடுத்துக்கொள்ள கம்பெனி எத்தனை நாள் தருகிறது என்று அன்றைக்கே பார்த்துச் சொல். இந்த இரண்டு அழைப்பிலும் எதையும் விற்காதே. உன் எண்ணைப் பார்த்ததுமே "ஏதோ வாங்கச் சொல்லப்போகிறாள்" என்று தோன்றிவிட்டால், அதன்பின் போனை எடுக்கவே மாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் அந்த அரைமணி கிடைக்காது. ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடு: காலைச் சமையல் முடிந்து அடுப்பைத் துடைத்ததும் நோட்டைத் திற. அன்றைய தேதி போட்ட பழைய ஆட்கள் மூன்று பேர், புதியவர்கள் இரண்டு பேர். எத்தனை பேரிடம் பேசினாய் என்பதை மட்டும் எண்ணு, எத்தனை விற்றது என்பதை அல்ல. வாங்குவது அவர்கள் முடிவு. பேசுவது மட்டுமே உன் கையில் இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் ஒரு நாள் தவறினால் மறுநாள் பத்துப் பேரிடம் பேசி ஈடுகட்டப் பார்க்காதே. வழக்கமான ஐந்து பேரே போதும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் ஒன்றாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டை நம்பி இந்த அரைமணியை விட்டுவிடாதே. உன் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதிதாக வாங்கியவர் பல நேரம் சேமித்திருக்கமாட்டார். பொருளைக் கொடுக்கும்போதே சேமிக்கச் சொல்.

பணத்தில் கண்டிப்பாக இரு. விற்பனைக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். 75-க்கு எடுத்ததை 100-க்கு விற்றால் அந்த 75 அடுத்த சரக்குக்கு உரியது. மிச்சம் 25-லிருந்து டெலிவரி, சாம்பிள், போன் செலவு போனபின் நிற்பதுதான் உன் வருமானம். வீட்டுக்கு எடுத்த பொருளையும் உன் பெயரில் ஒரு பக்கம் போட்டு எழுது. எழுதாமல் எடுப்பதில்தான் லாபம் கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது. பழைய பாக்கி தீராதவருக்குப் புதுக் கடன் கிடையாது, அவர் சித்தியாக இருந்தாலும் சரி.

மாதக் கடைசியில் கம்பெனி வைத்த விற்பனை டார்கெட்டுக்குக் குறைகிறது என்று உன் காசைப் போட்டுச் சரக்கு எடுக்காதே. உன்னை இதில் சேர்த்துவிட்டு உனக்கு மேலே இருக்கிறவர்கள் வற்புறுத்தினாலும் வேண்டாம். அப்படி எடுத்ததற்குக் கம்பெனி தரும் கமிஷன் உன் பணமே சுருங்கித் திரும்பி வருவது. சரக்கோ காலாவதித் தேதியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கடந்த நான்கு வாரத்தில் விற்ற அளவுக்குமேல் கையிருப்பு வேண்டாம். வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, சீக்கிரம் காலாவதியாவதை முன்வரிசைக்கு நகர்த்து.

இன்று ராத்திரி, இதுவரை வாங்கிய எல்லோரையும் நோட்டில் ஏற்று. தேதி மறந்திருந்தால் போனில் பணம் வந்த மெசேஜைப் பார்த்தால் தெரியும். கணக்குப் போட்டதும் சிலருக்குத் தீரும் நாள் தாண்டிப் போயிருக்கும். நாளைக் காலை அவர்களிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
அக்கா