ஓவியப் பாட வேளையைப் பறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் மாணவர்களின் மன அழுத்தம் பற்றிய கட்டுரைகளும் மனநல மருத்துவர்களின் அறிவுரைகளும் நாளிதழ்களில் வெளிவருவது வழக்கம். நன்றாக உறங்க வேண்டும், கைப்பேசியைத் தள்ளிவைக்க வேண்டும், பெற்றோர் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசக் கூடாது என்று அவற்றில் சொல்லப்படுவன எல்லாம் சரியே. ஆனால் அதே மாதங்களில்தான் ஓவியம், இசை, உடற்கல்வி ஆகியவற்றுக்கான பாட வேளைகள் பல பள்ளிகளில் சத்தமில்லாமல் கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறுகின்றன என்பதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். இருபத்தாறு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதை நானே எழுதலாம் என்று துணிந்தேன்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பத்தாம் வகுப்பின் ஓவியப் பாட வேளை கால அட்டவணையில் மட்டுமே இருக்கும். வகுப்பறையில் கணக்காசிரியர் இருப்பார். இதற்காகத் தலைமையாசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். ஒரு ஜனவரி மாதம் கணக்காசிரியர் விடுப்பில் சென்றதால், என் பாட வேளை எனக்கே திரும்பக் கிடைத்தது. பழைய திருப்புதல் தேர்வுத் தாள்களில் எழுதாமல் விட்டிருந்த பக்கங்களைக் கிழித்துக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வரையலாம், நான் வந்து பார்க்க மாட்டேன், மதிப்பெண்ணும் கிடையாது என்றேன். முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் பென்சிலை எடுக்கவில்லை. "எதை சார் வரையணும்?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தார்கள். வகுப்பு தானாக அமைதியானது. ஒரு மாணவி பக்கம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாலேயே நிரப்பிவிட்டு, மணி அடித்ததும் அந்தத் தாளை நான்காக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அன்று யாருக்கும் மதிப்பெண் கூடிவிடவில்லை. ஆனால் அடுத்த வாரம் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "கணக்கு சார் மறுபடி எப்ப சார் லீவு போடுவார்?" என்று கேட்டவர்கள், வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தாம்.

இது ஓர் ஓவிய ஆசிரியரின் தொழிற்பற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரிடம் களிமண்ணையும் வண்ணப் பேனாக்களையும் ஒட்டுப்படத்துக்கான தாள்களையும் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் எதையேனும் செய்யச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவைச் சோதித்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எனினும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையும், நோய் வருமுன் காப்பதிலும் வந்தபின் அதைக் கையாள்வதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்றே கூறுகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்ன ராகத்தைக் கேட்டால் இன்ன நோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் உலவும் பட்டியல்களையோ, கறுப்பு வண்ணத்தை அதிகம் பூசும் குழந்தைக்கு மனச்சோர்வு என்று படத்தைப் பார்த்தே கணித்துச் சொல்பவர்களையோ நான் ஆதரிக்கவில்லை. பல வேளைகளில், பெட்டியில் மிஞ்சியிருந்த கிரேயான் கறுப்பு என்பதுதான் காரணம். 'ஆர்ட் தெரபி' எனப்படும் கலைவழிச் சிகிச்சை வேறு, மனம் இளைப்பாற வரைவது வேறு. காசநோய் விடுதியில் தங்கியிருந்த காலத்தில் வரைவதன் பயனைத் தாமே உணர்ந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1942-இல் அந்தப் பெயரைச் சூட்டினார்; இன்று பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் தம்மை ஓவியச் சிகிச்சையாளர் என்றோ இசைச் சிகிச்சையாளர் என்றோ அழைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. நம் நாட்டிலும், துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஓவிய, நடனச் சிகிச்சையாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அத்தகையவர்களை மாவட்ட மனநலத் திட்டத்தில் சேர்ப்பது பற்றி அரசு எண்ணிப் பார்க்கலாம். பள்ளிக்கு வேண்டியது அவ்வளவு பெரிய ஏற்பாடு அன்று.

கலைத் திருவிழா நடக்கிறதே என்று கேட்கலாம். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் அவ்விழாவை நான் மதிக்கிறேன். மேடையே கண்டிராத பல பிள்ளைகள் அதனால் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் அது பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக வடிகட்டும் போட்டி. தேர்வு என்னும் ஒரு போட்டியில் நெரிபடும் பிள்ளைக்கு இன்னொரு போட்டி எப்படி இளைப்பாறுதல் ஆகும்? மட்டக்களப்பில் போரின் நடுவே 1996-இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து மண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். மனத்தில் காயம்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே தரப்பட்டது பரிசுக் கோப்பை அன்று. அச்சமின்றி விளையாட ஓர் இடமும், அருகில் இருக்கப் பெரியவர்களும்தாம்.

ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலான பாடங்களுக்காகத் தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை வாரத்துக்கு மூன்று அரை நாள் பணிக்கு நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திவரும் போராட்டம் தனியாக எழுதப்பட வேண்டியது. இங்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி அளித்தால், பிள்ளைகளை மதிப்பிடாமல் வரையவிடவும், படத்தைப் பார்த்து நோயைக் கணிக்காமல் இருக்கவும், ஒரு பிள்ளை உண்மையிலேயே தவிப்பது தெரிந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டவும் அவர்களால் முடியும்.

அந்தப் பயிற்சிக்கு நிதி ஒதுக்கக் காலம் ஆகலாம் என்பதை அறிவேன். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வாரத்தில் ஒரு பாட வேளையாவது ஓவியத்துக்கோ பாட்டுக்கோ விட்டுவைக்கப்பட வேண்டும், அதில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பப் பள்ளிக் கல்வித் துறைக்குச் செலவு எதுவும் இல்லை. தாள்கூடப் புதிதாக வாங்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் பழைய திருப்புதல் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
திண்டுக்கல்.