மெஷினை நிறுத்தியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். போன வாரம் எங்கள் மாத இதழின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆசிரியர் நாற்காலியை அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். மெய்ப்புத் திருத்துபவளாக, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவளாகச் சேர்ந்தேன். உதவி ஆசிரியர், பொறுப்பாசிரியர், ஆசிரியர் என்று படிப்படியாக வந்து, கடைசி 9 ஆண்டுகள் நிறுவனத்தின் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்த்தேன். மொத்தம் 34 ஆண்டுகள். விடைபெறும் கூட்டத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வரிக்கு மேல் பேச முடியவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அன்று பேசியவர்கள் நான் எடுத்த முடிவுகளைப் பாராட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தடுத்தவர்கள். வேண்டாம் என்றவர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றவர்கள், இது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஐயா. மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். அதன் பிறகு பெயர், தேதி, எண் மூன்றுக்கும் மட்டும் தனியாக ஒரு சுற்று. தலைப்பைக் கடைசியில் எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொல்வார். பெரிய எழுத்தில் இருப்பதை எல்லோரும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவார்கள், அதனால் பிழை அங்கேதான் தப்பித்துக்கொள்ளும். ஆசிரியரான பிறகும் அந்தச் சுற்றை நான் விட்டதில்லை.

அப்புறம், அச்சக ஃபோர்மேன் அண்ணன். ஓர் இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஃபோன் செய்தார். அஞ்சலிப் பக்கம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு படங்கள்: ஒன்று மறைந்தவர், மற்றொன்று அவரைப் பற்றி எழுதிய நண்பர். படக்குறிப்புகள் இடம் மாறிவிட்டன. உயிரோடு இருப்பவருக்குக் கீழே இறந்த தேதி. நானும் என் அணியும் அந்தப் பக்கத்தை நான்கு முறை பார்த்திருந்தோம். கண்டுபிடித்தது அவர்.

ஒரு பெரிய தாளில் முன்புறம் எட்டு, பின்புறம் எட்டு என்று 16 பக்கங்கள் அச்சாகும், அதுதான் ஒரு ஃபாரம். ஒரு பக்கத்துத் தப்புக்காக அந்த ஃபாரம் முழுவதும் நிற்கும், ஓடிய தாள்கள் எல்லாம் வீண். என்ன செய்வது என்று நான் திகைத்து நின்றபோது அவர் சொன்னார்: “எழுத்து கருப்புதானே மேடம். நிறத்துக்கு ஒன்றாக இருக்கிற நாலு பிளேட்டும் மாற்ற வேண்டாம், கருப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் பக்கத்தைச் சரிசெய்து அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன்.” என்னைக் கேட்பதற்கு முன்பே மெஷினை நிறுத்தியிருந்தார். அதற்கான அதிகாரம் அவருக்கு இல்லை. அண்ணா, அன்று ஒரு குடும்பத்தின் மனத்தை நீங்கள் காப்பாற்றினீர்கள். மறுநாள் வந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். அடுத்த இதழ் வேலையில் மூழ்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

யாரும் தடுக்காமல் போன ஒரு தப்பும் உண்டு. ஒரே ஒருவர் சொன்னதை நம்பி, இன்னொருவரைக் குற்றம் சாட்டும் கட்டுரையை வெளியிட்டேன். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பைக் கேட்கவில்லை. கட்டுரை தவறு என்று தெரிந்தபோது இதழ் வாசகர் கையில் இருந்தது. அவருடைய மகள் அலுவலகத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் இதழை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஓர் உதவி ஆசிரியர் எழுந்து, “கட்டுரை எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் மேடம்” என்றார். அறை அமைதியானது. அவர் சொன்னபடியே போட்டோம். அந்த இதழிலிருந்து திருத்தங்களுக்கு எங்கள் வழக்கம் அதுதான்.

நிர்வாகத்துக்கு வந்தபோது எனக்கு வரவு செலவு வாசிக்கத் தெரியாது. கற்றுக் கொடுத்தவர் கணக்குப் பிரிவு அம்மா. சந்தா குவிந்த ஒரு மாதம் நான் மகிழ்ச்சியாக அவரிடம் போனேன். “இது வருமானம் இல்லை, கடன். ஒவ்வொருவருக்கும் 12 இதழ் தர வேண்டிய கடன். இதழ் போகப் போகத்தான் பணம் நம்முடையது ஆகும்” என்றார். தாளுக்கு முன்பணம் கட்ட வேண்டும், ஏஜென்ட் பணமோ விற்காத பிரதிகள் திரும்பி வந்து எண்ணி முடித்த பிறகுதான் வரும், இடையில் உள்ள மாதங்களில்தான் பத்திரிகைகள் மூச்சுத் திணறுகின்றன என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் புரிந்தது. சந்தாதாரரை நான் பார்த்த விதமே அன்றோடு மாறிவிட்டது.

விளம்பர மேலாளரைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய விளம்பரதாரர் ஒருவர், தன் விளம்பரம் கட்டுரை போலவே இருக்க வேண்டும், மேலே ‘விளம்பரம்’ என்ற சொல் வரக்கூடாது என்று கேட்டார். பண நெருக்கடி, நான் தயங்கினேன். அந்த மாத இலக்கு தவறினால் நஷ்டம் மேலாளருக்குத்தான். என்னிடம் கேட்டுக்கொண்டிராமல் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார் அவர்.

ஸ்கேலும் பிளேடும் பசையும் வைத்துப் பக்கம் ஒட்டிய லேஅவுட் கலைஞர்களுக்கும் நன்றி. 1985-இல், கணினியிலேயே பக்கம் அமைக்கும் ஆல்டஸ் பேஜ்மேக்கர் என்ற மென்பொருள் வெளிவந்தது. சில ஆண்டுகளில் எங்கள் அறைக்கும் வந்தபோது, பாதி வாழ்க்கையைக் கைவேலையில் கழித்தவர்கள் மறுபடி மாணவர்களாக உட்கார்ந்தார்கள். காலி இடம் தெரிந்தாலே நிரப்பப் பார்த்த என் கையைப் பிடித்து, கண்ணுக்கு இளைப்பாற இடம் வேண்டும் என்று சொன்னவர்கள் அவர்கள்.

அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மட்டும் போகலாம் என்று நானே ஒரு முறை திட்டம் எழுதினேன். 2012 முடிவில் அமெரிக்க வார இதழான நியூஸ்வீக் அச்சை நிறுத்தியிருந்தது, அதைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தேன். இதழ் விநியோகத்தைப் பார்க்கும் சர்க்குலேஷன் பிரிவுத் தம்பி ஒருவர் சந்தாதாரர் பட்டியலையும் இணைய வாசகர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் இருந்த பெயர்கள் மிகக் குறைவு. ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரைத் தேடிப் போகிறோம் என்றார். திட்டத்தை ஒத்திவைத்தேன். 2014-இல் நியூஸ்வீக் அச்சுக்குத் திரும்பியது.

ஆனாலும் செலவைக் குறைக்க வேண்டி வந்தது. சிலரை நான் அனுப்ப நேர்ந்தது. அவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது என்று தெரியும். கடைசி நாளிலும் தங்கள் பக்கத்தைப் பிழையில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் இதழ் முடிக்கும் இரவுகளில் விடியும்வரை விளக்கணைக்காமல் காத்திருந்த என் கணவருக்கும் நன்றி.

திருத்தம் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று எழுந்து நின்று சொன்ன அந்த உதவி ஆசிரியர்தான் இப்போது ஆசிரியர். நேற்று ஓர் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டேன். கணக்குப் பிரிவு அம்மா, எனக்கு 12 இதழ் தர வேண்டும், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் ஆசிரியர்