பேரனை எங்கே காட்டுவது: ராஜிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராஜி,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். பேரன் மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், பத்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறான், திருச்சியில் கற்றல் குறைபாடு, ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பான பிரச்சினை) சோதனை என்று தெருவுக்கொரு போர்டு தொங்குகிறது, எதற்குள் நுழைவது என்று கேட்டிருக்கிறாய்.

எந்தப் போர்டுக்குள்ளும் நுழையும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காதையும் கண்ணையும் பார்த்துவிடுங்கள். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். டீச்சர் கண்ணுக்கு அது கவனக்குறைவு. ஆடியோகிராம் எடுத்தால் தெரிந்துவிடும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குகிறானா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் சோர்ந்து படுக்காது, துள்ளும். பேச்சின் நடுவே சில விநாடி வெறித்து நின்று, ஒன்றும் நடக்காததுபோல் திரும்புகிறான் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலிப்பில் அப்படி ஒரு வகை உண்டு.

அடுத்து, அறிக்கை எதற்கு வேண்டும் என்று மகளும் மாப்பிள்ளையும் முடிவு செய்யட்டும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்தால் போதுமென்றால் நல்ல தனியார் மையமே போதும். பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகை கேட்பதானால் அரசுச் சான்றிதழ் வேண்டும். தனியார் அறிக்கை எத்தனை தடிமனாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. ஆகவே துறுதுறுப்பு மட்டும் என்றால் அந்தச் சான்றிதழுக்கு வழியில்லை. 2018-இல் வந்த வழிகாட்டுதல்படி எட்டு வயதுக்குமேல்தான் சான்றிதழ் கொடுத்தார்கள்; 2024-இல் அதைத் திருத்தியிருக்கிறார்கள், இப்போது என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அதிலேயே நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) 85-க்கு மேல் வந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போனார்கள். 80 வாங்கிய பிள்ளை அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு என்ற இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நின்றது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

அரசு வழிக்கு முதல் படி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் சொல்வார்கள்; பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள், காசில்லை. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட் இருக்கிறது. பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கே போக வேண்டுமா என்று கேட்டாய். வலிப்பு, கடும் பயம், மூர்க்கம் என்று பலதும் கலந்திருந்தால் போகலாம். படிப்பு மட்டும்தான் தகராறு என்றால் அத்தனை அலைச்சல் வேண்டாம்.

தனியார் இடமானால் போனிலேயே கேளுங்கள்: சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்)தானா? பதிவு எண் அறிக்கையின் அடியில் இருக்குமா? என்னென்ன டெஸ்ட்? நுண்ணறிவுக்கு மாலின் சோதனை அல்லது வெக்ஸ்லர் சோதனையின் இந்தியப் பதிப்பு, கற்றலுக்கு நிமான்ஸ் பேட்டரி என்ற சோதனைத் தொகுப்பு என்று பெயர் சொல்ல வேண்டும். 'எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்' என்றால் போனை வைத்துவிடலாம். இரண்டு மூன்று அமர்வு, பிள்ளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த காலை வேளை, அதுதான் சரி. கைரேகை வைத்து மூளையைச் சொல்கிறேன் என்பவர்களுக்குக் கொடுப்பது தண்டக் காசு.

மொழியை மறந்துவிடாதே. நிமான்ஸ் பேட்டரி ஆங்கிலத்தை வைத்துச் செய்தது. அவனோ தமிழ்வழியில் படிக்கிறான். ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கச் சொன்னால், பழக்கமில்லாததெல்லாம் குறைபாடாக ஏறிவிடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பத்தியையும், 'மபுசி', 'தகேலு' மாதிரி அர்த்தமில்லாத சொற்களையும் படிக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். தெரிந்த சொல்லைப் பார்த்த ஞாபகத்தில் ஒப்பித்துவிடலாம், இதை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடியாது. ல, ள, ழ குழப்பத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அது ஊருக்கே உண்டு.

ஏடிஹெச்டிக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வீட்டில் ஒரு படிவம், வகுப்பாசிரியரிடம் ஒரு படிவம், நீண்ட விசாரணை. ஆறு மாதமாவது நீடித்து, வீடு பள்ளி இரண்டிலும் இருக்க வேண்டும். தமிழ்ப் பாட வேளையில் நெளிந்துவிட்டு, கணக்கில் அடங்கி உட்கார்ந்தால் முதலில் வாசிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆசிரியர் படிவம் கேட்காத இடத்தின் முடிவை நம்பாதே. மருந்து எழுதுவது டாக்டர் வேலை, சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது.

இரண்டாவது கருத்துக் கேட்பதானால் பழைய அறிக்கையைக் கொண்டுபோங்கள். ஒரே நுண்ணறிவுச் சோதனையைச் சில மாதத்தில் மறுபடி வைத்தால் பழக்கத்தில் மதிப்பெண் ஏறிவிடும். அறிக்கையில் ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணும், எந்த வகுப்பு நிலையில் வாசிக்கிறான், எந்த வகைத் தவறு என்பதும் இருக்கட்டும். 'சராசரிக்குக் கீழே' என்ற ஒற்றை வரியை வைத்து எந்த டீச்சரும் பாடம் நடத்த முடியாது. சென்னையில் சோதித்தாலும், வாரம் இரண்டு மூன்று நாள் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்) போவது திருச்சியில்தானே? அவர் யார் என்று பார்த்துவிட்டு, அவருக்கு என்ன விவரம் தேவை என்று கேட்டுக்கொண்டு சோதனைக்குத் தேதி வாங்குங்கள்.

இந்த வருஷத் தமிழ், கணக்கு நோட்டுகளையும் முதல் வகுப்பு நோட்டு இருந்தால் அதையும் எடுத்து வைக்கச் சொல். மகளிடம் என் அன்பைச் சொல். ஆடியோகிராம் முடிவு வந்ததும் எழுது.

உன்,
வசந்தி