ராத்திரி நடையை நிறுத்தச் சொல்லாதே

என் அன்பு மகனுக்கு,

நேற்று போனில் நீ கோபப்பட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபதைத் தாண்டிய அம்மா, முட்டி வலி வேறு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆமை முட்டை தேடி நீலாங்கரைக் கடற்கரையில் நிற்கிறாள் என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் நீ என்னைப் பேசவே விடவில்லை. நீ கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேலைக்கு நடுவில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைக்காதே, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதல் கேள்வி, இதில் என்ன பாதுகாப்பு என்பது. நான் தனியாகப் போகவில்லை கண்ணா. மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இது, 1988-ல், நீ பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்தது. அதற்கும் முன்னால், 1970களிலேயே, சென்னைப் பாம்புப் பண்ணை தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரும் அவரோடு இருந்தவர்களும் இதே கரையில் ஆமை தேடி நடந்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடல் ஆமை) முட்டையிடும் காலம் முழுக்க, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கூட்டம் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நடக்கிறது. வனத்துறை அனுமதியோடுதான் எல்லாம் நடக்கிறது, ஏனென்றால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் இந்த ஆமைக்கும், நம் இஷ்டத்துக்கு முட்டையைத் தொட முடியாது. கூட நடக்கிறவர்கள் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டு நடுவில் விட்டு நடக்கிறார்கள், பாறை போட்டிருக்கும் இடத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெதுவாகத்தான் நடக்க வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நம் தெருவில் மாடு, பைக் எல்லாவற்றுக்கும் நடுவில் காய்கறி வாங்கப் போவதைவிட எனக்கு இது பயமில்லாத நடை.

அங்கே போய் என்னதான் செய்கிறீர்கள் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் தேடுவது தடம். தண்ணீரிலிருந்து மேலே ஏறி மறுபடியும் இறங்கிய தடம் ட்ராக்டர் சக்கரம் போன மாதிரி ஈரமணலில் பதிந்திருக்கும். அது முடிகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். பழகியவர்கள் ஒரு குச்சியை மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள், மற்ற இடத்தில் கெட்டியாக நிற்கும் குச்சி ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று உள்ளே போகும், அதுதான் கூடு. அப்புறம் குச்சியை எடுத்து வைத்துவிட்டு வெறும் கையால் தோண்டுவது. ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடிப்பக்கம் அகலமான குழி. நூறு, நூற்றிருபது முட்டை வரை இருக்கும். கோழி முட்டை மாதிரி ஓடு கெட்டியாக இருக்காது, விரலால் அழுத்தினால் லேசாகக் குழியும். ஒவ்வொன்றாக எண்ணி, அந்தக் கூட்டு மணலோடேயே பையில் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஹேச்சரிக்கு, அதாவது முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிய வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி எடுத்துப் புதைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. முட்டையிட்டுச் சில மணி நேரத்திலேயே உள்ளிருக்கும் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்கிறது, அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும்.

ஒரே ஒருமுறை தாயையே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. முட்டை விழ ஆரம்பிக்கும் வரை யாரும் கிட்டப் போகக் கூடாது என்று தள்ளியே உட்கார வைத்தார்கள். பின்னங்கால் துடுப்பு ரெண்டையும் மாற்றி மாற்றிக் குழிக்குள் விட்டு, ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கிறது, அடுத்த துடுப்பு போகிறது, கண்ணால் பார்க்காமலேயே. ரெண்டு மூன்றாக முட்டை விழுந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, உடம்பில் சேரும் உப்பை அப்படித்தான் வெளியேற்றுமாம், ஆனால் பிரசவித்தவள் எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மூடி முடித்ததும் தன் முழு உடம்பையும் இடமும் வலமும் ஆட்டி ஓட்டின் விளிம்பால் மணலைத் தட்டி இறுக்கியது. தொம், தொம் என்று அந்த அதிர்வு நான் உட்கார்ந்திருந்த மணலிலும் தெரிந்தது. நாற்பது கிலோ இருக்கும். வேலை முடிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது.

இப்போது உன் ரெண்டாவது கேள்வி. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பிழைக்குமாம், அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்றாய். கணக்கு ஏறத்தாழ அதுதான், இங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்கள். கடலில் இறங்கிய குஞ்சை மீன் தின்னும், பறவை தூக்கும், அது காலங்காலமாக நடப்பது, அதில் நமக்கு வேலை இல்லை. ஆனால் கடலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கரையில் சாகிறதே, அது நம்மால் வந்தது. இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று குஞ்சுக்குத் தெரியும். நம் ஊரில் வெளிச்சம் ரோட்டுப் பக்கம், ஹோட்டல் பக்கம், மாடி வீட்டுப் பக்கம் இருக்கிறது. நூறு குஞ்சும் மணலிலிருந்து ஒன்றாக வெளியே வந்து நூறும் தெருவிளக்கைப் பார்த்துப் போகும், விடிந்தால் காக்கை, நாய், வண்டிச் சக்கரம். அதற்கும் முன்னால் நாய் கூட்டையே தோண்டிவிடுவது தனி. முட்டையை எடுக்காமல் அந்தந்த இடத்திலேயே விடுவதுதான் ஆமைக்கு நல்லது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்த நகரத்தில் அதற்கு வழி இல்லை என்பதால்தான் ஹேச்சரி.

இன்னொன்றும் யோசித்துப் பார். பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும் ஜாதி இது, அதற்குப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத யாரோ ஒரு பையன் தூக்கம் விட்டு எடுத்து வைத்த முட்டையிலிருந்து வந்த ஒன்றுதான் நான் பார்த்த அந்தத் தாயாக இருந்திருக்கலாம். அந்தப் பையனும் ஆயிரத்தில் ஒன்று என்று தெரிந்துதானே நடந்திருப்பான்.

கடலில் நடப்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின, பேப்பரில் நீயும் பார்த்திருப்பாய். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலைக்குள் மாட்டினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கிக் கிடக்கும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, வலைக்குள் கம்பித் தடுப்பு வைத்து ஆமை மட்டும் வெளியேற வழி விடும் கருவியும் இருக்கிறது. ஆமை போகும் வழியில் மீனும் போய்விடும் என்பது விசைப்படகுக்காரர்களின் கவலை. வயிற்றுப்பாடு என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது, உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன், வலையில் பங்குனி ஆமை மாட்டினால் வலையை அறுத்துத்தான் விடுவேன் என்றார், அந்த வலையைச் சீர் பண்ண ஆகும் செலவு அவர் கையிலிருந்துதான் போகிறது.

செத்த ஆமையையும் நாங்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. ஓட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்து, ஆணா பெண்ணா, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி, அடுத்த நாள் வருகிறவர்கள் மறுபடி எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். நாற்றம் குடலைப் பிரட்டும். ஆனால் இப்படி வருஷக்கணக்கில் யாரோ எழுதி வைத்த நோட்டு இருப்பதால்தான் எந்த வருஷம் எத்தனை செத்தது என்று அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் எடுத்துச் சொல்ல முடிகிறது. நானும் ஆமையைப் பார்க்கும் ஆசையில்தான் போனேன், இப்போது அந்த நோட்டில்தான் எனக்கு அக்கறை அதிகம். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் ஹேச்சரியில் ஒவ்வொரு கூட்டுக்கும் அட்டை எழுதும் வேலையும் எனக்கே. தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை. சுமார் நாற்பத்தைந்து நாளில் பொரிய ஆரம்பிக்கும், குஞ்சுகள் சிதறிப் போகாமல் இருக்க அதற்குள் கூட்டின் மேல் கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதால் அட்டையில் தேதி தப்பக் கூடாது. மணலின் சூடு 29, 30 டிகிரியைத் தாண்டிப் போகப் போகப் பெண் குஞ்சு அதிகமாகுமாம், குளிர்ந்திருந்தால் ஆண். வெயில் ஏறும்போது நிழலுக்கு மேலே பந்தல் போடுவது அதனால்தான். இந்த வயதில் இதையெல்லாம் புதிதாகத் தெரிந்துகொள்வது எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உங்கப்பா போன பிறகு சாயங்காலம் ஆறு மணி ஆனால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியாமல் இருந்தது உனக்கும் தெரியும். இப்போது அந்த நேரத்தில் பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடப் போகிறேன். தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி மணலில் விட்டால் தானே நடந்து இறங்கும், கையில் தூக்கிக்கொண்டு போய்ப் போடக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் சின்னக் குழந்தைகளை ஒதுக்கி நிறுத்துவது என் பொறுப்பு, செல்போன் ஃபிளாஷ் அடிக்கும் பெரியவர்களை நிறுத்துவதும்தான்.

சரி, உன் பேச்சுக்கு வருகிறேன். முட்டிக்கு டாக்டரைப் பார் என்றாய், வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன். முழுத் தூரமும் நடக்காதே என்றாய், அதுவும் சரி, இனி பாதியில் திருவான்மியூரில் சேர்ந்துகொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் எத்தனை மணியானாலும் உனக்கு மெசேஜ் போடுகிறேன். இந்த மூன்றும் நீ கேட்டபடி. நிறுத்து என்பதை மட்டும் கேட்காதே.

மருமகளுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

அம்மா