முதுகெலும்புத் திசுவைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதுகெலும்பு அறுவை மருத்துவர்களுக்கும், கதிரியக்க மருத்துவர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

என் தாயாரின் எம்.ஆர்.ஐ. அறிக்கை 'புற்றுநோய்ப் பரவலாக இருக்கலாம்' என்றது. முடிவில் அது காசநோய் என்று உறுதியாயிற்று. இடையில் கழிந்த வாரங்களுள் பாதியையேனும் தவிர்த்திருக்கலாம் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதுகெலும்புத் தொற்று புற்றுநோயைப் போலத் தோன்றக்கூடும் என்பது தாங்கள் அறியாததன்று. இரவிலும் விடாத வலியும் உடல் மெலிவும் இரண்டுக்கும் பொது. தொற்று பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் சேர்த்து அரிக்கும், புற்றுநோய் வட்டை விட்டுவைக்கும் என்பார்கள். ஆயினும் காசநோய் சில வேளைகளில் வட்டைத் தொடாமல், ஒன்றையொன்று ஒட்டியிராத பல முள்ளெலும்புகளில் தோன்றிவிடுகிறது. பெட் ஸ்கேனிலும் இரண்டும் ஒளிர்கின்றன. ஆகவே, படத்தைப் பார்த்துப் புற்றுநோயோ என்று ஐயுற்ற மருத்துவரை நான் குறை கூறவில்லை.

திசு எடுத்த அன்று நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலியில் புரண்டு படுக்கவும் இயலாதவரைக் குப்புறக் கிடத்தி, ஊசி வழியே எடுத்த திசு முழுவதையும், திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் உள்ள ஒரே புட்டியில் போட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கை, புற்றணுக்கள் இல்லை, கிரானுலோமா (காசநோய் போன்ற நோய்களில் உண்டாகும் அழற்சி அணுத் திரள்) காணப்படுகிறது, காசநோய்க்குப் பரிசோதிக்கவும் என்றது. எதை வைத்துப் பரிசோதிப்பது? ஃபார்மலினில் கிருமி உயிரோடு இராது. வேறு துணுக்கும் எடுத்து வைக்கப்படவில்லை. அம்மாவை மீண்டும் குப்புறக் கிடத்தினார்கள். "முதலில் எடுத்தது என்ன ஆயிற்று?" என்று அவர் கேட்டபோது அங்கிருந்த எவரும் பதில் சொல்லவில்லை.

எனவே என் வேண்டுகோள் இது: முதுகெலும்பிலிருந்து திசு எடுக்கும் ஒவ்வொரு முறையும், புற்றுநோய் என்றே உறுதியாகத் தோன்றினாலும், ஒரு பகுதியை ஃபார்மலினில் நோயியல் துறைக்கும், மறுபகுதியை ஃபார்மலின் படாமல் நுண்ணுயிரியல் துறைக்கும் அனுப்புங்கள். காசநோய்க்கான மரபணுச் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் முடிகிறது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்சோதனைக்கு 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம் என்பதால், ஒரு நாள் முந்தினாலும் நன்மையே. நோயாளியின் நிலை இடங்கொடுத்தால், திசு எடுக்கும்வரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் தள்ளிவையுங்கள். அவை முந்திக்கொண்டால் கிருமி வளர்சோதனையில் அகப்படாமல் போகலாம்.

ஒரு துறையின் முடிவை இன்னொரு துறைக்குத் தெரிவிக்கும் பொறுப்பு நோயாளியின் பிள்ளைகள் தலையில் விழுவது எவ்வகையில் நியாயம்? புற்றுநோயாக இருக்கலாம் என்று ஐந்து பேர் சொன்னார்கள். அது இல்லை என்று தெரிந்த பிறகு ஒருவர்கூட எங்களை அழைக்கவில்லை. இது தனியே பேசவேண்டிய குறை. இம்மடலில் நான் கேட்பது திசுவைப் பற்றி மட்டுமே.

தாமதம் நீண்டால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கக்கூடிய நோய் இது. திசு எடுக்கும் அறையில் இரண்டாவது புட்டி ஒன்றை எப்போதும் ஆயத்தமாக வைக்கவும், அதை எழுத்து வடிவில் விதியாக்கவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்