காசு வாங்கும் முன் சொல்லச் சொல்லுங்கள்: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கொழும்பில் எங்கள் பெடியன்கள் நாலு பேர் கூடினால், கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாகச் சூடுபிடிப்பது வீடியோ கேம் விளையாடும் பெட்டியான கொன்சோலின் கதைதான். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பொக்ஸா, நின்டெண்டோவா என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நட்பே முறிகிற அளவுக்கு வாக்குவாதம் நடக்கும். எனக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ஆனால் எந்தப் பெட்டி சிறந்தது என்பதைப் பற்றி இந்த மடலில் எழுதப்போவதில்லை. மூன்றில் எதை வாங்கினாலும் வாங்குபவரிடம் மறைபட்டுப் போகிற சில விடயங்கள் இருக்கின்றன. காசைக் கையில் வாங்கும் முன்பே அவற்றைச் சொல்லவேண்டும் என்று விற்பவர்களுக்கு நீங்கள் பணிப்புரை விடுக்கவேண்டும். உங்கள் அதிகாரசபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது.

முதலில் கணக்கின் நாடு. பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனியின் இணையச் சேவைதான் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்); அது இயங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கே பிளேஸ்டேஷன் வாங்கும் ஒவ்வொருவரும் தான் இந்தியாவில், சிங்கப்பூரில், இங்கிலாந்தில் அல்லது அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லித்தான் கணக்குத் திறக்கிறார். கடையிலேயே அதைத் திறந்தும் கொடுப்பார்கள். எந்த நாடு என்று வாங்குபவரிடம் கேட்பது அபூர்வம். ஆனால் ஒருமுறை தெரிவுசெய்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அதன்பின் அந்த நாட்டின் கிப்ட் கார்ட் மட்டுமே அந்தக் கணக்கில் வேலை செய்யும். டுபாயிலிருந்து வந்த டிஸ்க்கும் சிங்கப்பூரிலிருந்து வந்த டிஸ்க்கும் யூனிட்டி பிளாசாவின் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக இருக்கும். விளையாட்டு இரண்டிலும் ஓடும். ஆனால் அந்த விளையாட்டுக்கு மேலதிகமாக வரும் பகுதிகளைக் காசு கொடுத்துத் தரவிறக்கும்போது, டிஸ்க்கின் வலயமும் (அது எந்த நாடுகளின் விற்பனைக்கானது என்பது) கணக்கின் வலயமும் பொருந்தாவிட்டால் அவை திறக்காது. கொடுத்த காசு போனதுதான்.

இந்த இடத்தில் உங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவையும் நினைவுபடுத்தவேண்டியிருக்கிறது. பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் தரவேண்டும் என்கிறது அது. அரிசிக்கும் மின்விசிறிக்கும் அந்தக் காலம் போதும். வலயப் பிரச்சினை ஒரு வருடம் கழித்து, பிள்ளை முதல்முறையாக ஒரு மேலதிகப் பகுதியை வாங்கும்போதுதான் தலைதூக்கும். அப்போது உங்கள் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து என்ன பயன்? இந்தத் துறையில் முறைப்பாடு எப்போதும் பிந்தித்தான் வரும். அதனால்தான் விற்பனைக்கு முன்பே சொல்வதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பட்டியலில் இல்லாத நாடாக இருப்பதன் விலையை 2024 மே மாதம் தெளிவாகப் பார்த்தோம். ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் வாங்கியிருந்தவர்களும் இனிப் பிஎஸ்என் கணக்கை இணைக்கவேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவை இல்லாத நாடுகள் என்று ஏறத்தாழ 177 நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் சில நாட்களிலேயே இணைப்பு நிபந்தனையைக் கைவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் விளையாடிக்கொண்டிருந்த மனிதருக்கு, அவருடைய நாட்டின் பெயர் ஒரு பட்டியலில் இல்லாததால் நேர்மையாக நிறைவேற்றவே முடியாத ஒரு நிபந்தனை வந்தது. இங்கே எந்தக் கடைக்காரரும் அதற்குப் பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த நாட்டில் வாங்குபவர் எத்தகைய நிலத்தில் நிற்கிறார் என்பதை அவரிடம் சொல்ல ஒருவராவது இருக்கவேண்டும் அல்லவா?

அடுத்தது எனக்கு மிகவும் கவலை தருகிற விடயம்: பங்குக் கணக்கு. ஒரு புதிய விளையாட்டின் முழு விலை நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதனால் விற்பவர் தன் கணக்கில் ஒருமுறை வாங்கிய விளையாட்டைப் பல பேருக்குக் குறைந்த விலையில் கொடுக்கிற வழக்கம் வந்துவிட்டது. கணக்கும் கடவுச்சொல்லும் விற்பவர் கையில். வாங்கியவரிடம் இருப்பது அதைத் திறக்கும் வாய்ப்பு மட்டும். விற்பவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ, அளவுக்கு மிஞ்சிய பேருக்கு விற்று நிறுவனம் அந்தக் கணக்கையே முடக்கினாலோ, அத்தனை பேருடைய காசும் ஒரே நாளில் போகும். பில்லில் விளையாட்டின் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும், அதுவும் பில் கிடைத்தால்.

காசு போவதைக்கூடத் தாங்கலாம். சில ஏற்பாடுகளில் பிள்ளை அந்த அந்நியரின் கணக்கிலேயே நுழைந்து விளையாடவேண்டும். அப்போது அது எந்த நேரத்தில் விளையாடுகிறது, யாருடன் செய்தி பரிமாறுகிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கின் சொந்தக்காரருக்குத் தெரியவரும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக இதை வாங்கிக் கொடுக்கும் அம்மாவிடம் இதை யார் சொன்னார்கள்? பெரும்பாலான கடைக்காரருக்கு அப்படி எட்டிப்பார்க்கும் எண்ணம் இருக்காது என்றே நம்புகிறேன். ஆனாலும் எண்ணத்தை நம்பிப் பிள்ளைகளின் பாதுகாப்பை விடமுடியாது.

பெரிய நிறுவனங்களிடமே இந்தத் தகவல்கள் பத்திரமாக இருக்கவில்லை. 2011 ஏப்ரலில் பிஎஸ்என்னில் ஊடுருவல் நடந்தபோது சுமார் 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் ஆபத்துக்குள்ளாயின. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் நின்றது. அதற்காக பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2013இல் சோனிக்கு 250,000 பவுண் தண்டம் விதித்தது. எக்ஸ்பொக்ஸ் கணக்குத் திறந்த சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றிச் சேகரித்த வழக்கில், 2023இல் எக்ஸ்பொக்ஸின் நிறுவனமான மைக்ரோசொப்ட் 2 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஆகவே பக்கம் பிரிந்து சண்டைபிடிக்கும் என் நண்பர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: இந்த விடயத்தில் சுத்தமான கையோடு நிற்கும் அணி ஒன்றும் இல்லை.

வேறு நாட்டு முகவரியில் கணக்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கலும் வருகிறது. பிரித்தானியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து, அந்நாட்டு எக்ஸ்பொக்ஸ் கணக்குகளுக்கு வயதை நிரூபிக்கும் முறையை மைக்ரோசொப்ட் 2025 ஜூலையில் தொடங்கியது. பம்பலப்பிட்டியில் இருந்துகொண்டு இங்கிலாந்துக் கணக்கு வைத்திருப்பவர் எந்த அடையாள அட்டையைக் காட்டுவார்? கணக்கு திருடுபோனால் தன்னுடையது என்று எந்த முகவரியைச் சொல்லி மீட்பார்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் தாங்கள் இலங்கையில் இருப்பதையே மறைத்துத்தான் இந்தச் சேவைகளுக்குள் நுழைகிறார்கள். அந்தச் சட்டத்தைக் காட்டி அவர்கள் உரிமை கேட்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி டிஸ்க். கொழும்பில் இந்தப் பொழுதுபோக்கு சாதாரண வீடுகளுக்குள் வந்ததே கைமாறும் டிஸ்க்கால்தான். ஒருவர் முடித்துவிட்டு விற்பார், அடுத்தவர் பாதி விலைக்கு வாங்குவார், தம்பிமாருக்குச் சும்மாவும் கைமாறும். அந்த வழி அடைபட்டுக்கொண்டு வருகிறது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போடும் இடமே இல்லை. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்கு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கவேண்டும், அதை முதல்முறை பொருத்தும்போது இணைய இணைப்பும் வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இன் சில விளையாட்டு அட்டைகளுக்குள் விளையாட்டே இல்லை, தரவிறக்குவதற்கான திறவுகோல் மட்டும் இருக்கிறது. ஒன்லைன் கடைகள் மூடப்படுவதும் கற்பனை அல்ல: நின்டெண்டோவின் பழைய கொன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் ஒன்லைன் கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது, எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில். யூபிசொப்ட் என்ற விளையாட்டு நிறுவனம் தன் 'த க்ரூ' விளையாட்டின் சேர்வர்களை 2024 மார்ச் 31ஆம் திகதி நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் தொட முடியாமல் போனது.

விளையாட்டு தொலைவிலுள்ள சேர்வரில் ஓட, படம் மட்டும் இணையத்தில் வந்துசேரும் கிளவுட் கேமிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் அது இன்னும் பலருக்கு எட்டாத பொருள். விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் படம் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி டேட்டா செலவாகும். 100 ஜிபி பக்கேஜ் பதினைந்து மணித்தியாலத்துக்குக்கூட முழுதாகக் காணாது. சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால்கூட அது ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தூரம். கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே சுமார் 27 மில்லிவிநாடி எடுக்கும், மற்றத் தாமதங்கள் அதற்கு மேலே. இந்தச் சேவைகளுக்கான வவுச்சரை விற்பவர், அது இலங்கையில் அதிகாரபூர்வமாக இயங்குகிறதா இல்லையா என்பதையாவது சொல்லட்டும். கூகுளின் கிளவுட் கேமிங் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரியில் மூடப்பட்டபோது, தன் கடையில் விளையாட்டு வாங்கியவர்களுக்கு கூகுள் காசைத் திருப்பிக் கொடுத்தது. அந்த நல்ல முடிவை எல்லா நிறுவனங்களிடமும் எதிர்பார்க்க முடியாது.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்று அல்ல. டிஜிட்டல் பொருளை விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமையல்ல, பயன்படுத்தும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விற்ற விளையாட்டுகளை நிறுவனங்கள் முடக்கிவிடக்கூடாது என்று கேட்டு, ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் 2024இல் தொடங்கிய ஸ்டொப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்துக்கு ஆதரவாக ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொண்டே ஆகவேண்டும் என்றிருந்த நிபந்தனையை, விளையாடுபவர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து, மைக்ரோசொப்ட் வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டது. கேட்டால் மாறுகிறது.

பால்மா பைக்கற்றில் காலாவதித் திகதி இருப்பதுபோல, கொன்சோல் பெட்டியிலும் விளையாட்டு உறையிலும் ஒரு சிறிய லேபல் இருந்தால் போதும். எந்த வலயத்துக்கானது? டிஸ்க் போடலாமா? முதல்முறைக்கு இணையம் வேண்டுமா? கணக்கு யாருடைய பெயரில்? வொரண்டி நிறுவனத்தினுடையதா, கடையினுடையதா? இவ்வளவுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கவேண்டும். பங்குக் கணக்கு விற்றால் அது பங்குக் கணக்கு என்று பில்லிலேயே எழுதப்படவேண்டும். மறைத்து விற்பது 30ஆம் பிரிவு தடைசெய்யும் தவறாக வழிநடத்தும் நடத்தைக்குள் அடங்கும் என்றே நான் கருதுகிறேன். அதை நீங்கள் உறுதிப்படுத்தினால் கடைகளுக்கும் தெளிவு பிறக்கும்.

கடைகளைச் சோதனையிட்டுத் தண்டப்பணம் அறவிடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. நிறுவனங்கள் எங்களைக் கண்டுகொள்ளாத காலத்திலும் கொழும்பில் இந்த விளையாட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அந்தச் சிறு வியாபாரிகள்தான். லேபலுக்குரிய வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குச் செலவும் குறையும், சண்டையும் குறையும். அதோடு தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையுடன் சேர்ந்து சோனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இலங்கையையும் தங்கள் நாடுகளின் பட்டியலில் சேர்க்கும்படி. தனிமனிதர் கேட்டால் வராத பதில் ஒரு நாட்டின் அதிகாரசபை கேட்டால் வரக்கூடும்.

பணிப்புரையை வரையும் முன் வியாபாரிகளையும் பெற்றோரையும் விளையாடுபவர்களையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு வேலைநாளில் லீவு போட்டு வரவும் நாங்கள் தயார். எங்களிடம் இருக்கும் பில்களையும் பெட்டிகளையும் கொண்டுவந்து காட்டுவோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாவனையாளர்