செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, இடவாடகை பற்றிய தீர்மானங்கள் பிறகு வரும். இந்த அறிக்கையின் பெரும்பகுதி தொழில்நுட்பக் குழுவின் வேலையைப் பற்றியது. அன்றாடம் ஓட்டும் ஹாட் ஹேட்ச் காரின் (வேகமாக ஓடும் சிறு காரின்) சஸ்பென்ஷனை, சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டேக்கும் தாங்கும்படி எப்படி அமைப்பது என்பதுதான் சென்ற பொதுக்குழு அவர்களிடம் ஒப்படைத்த கேள்வி.

நம் மாவட்டத்தில் ரேஸ் டிராக் கிடையாது. பக்கத்தில் உள்ளது கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே. நாகர்கோவிலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஏறத்தாழ 700. டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வசதி நமக்கு இல்லை. டிராக்கில் ஓடும் அதே கார்தான் அங்கே போகவேண்டும், திரும்பி வரவேண்டும், மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் விடவேண்டும். ஆகவே குழு முதலில் எடுத்த முடிவு: ஷாக்கின் பயணத்தை, அதாவது ஷாக் அமுங்கி நீளும் தூரத்தை, காப்பாற்றுவதுதான் முதல் வேலை, மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், ஸ்விஃப்ட், ஆல்ட்ராஸ் ரேசர் என நம்மிடம் உள்ள கார்கள் எல்லாவற்றிலும் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் தண்டு). இவற்றில் பலவற்றின் முன்புறத்தில், கார் தரையில் நிற்கும்போது, ஷாக் முழுதும் அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பரைத் தொட இரண்டு விரற்கடை தூரம்கூட இராது. 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கைப் போட்டால் கார் எப்போதும் ஸ்டாப்பரின் மேலேயே சவாரி செய்யும். வளைவில் வெளிச்சக்கரம் ஸ்டாப்பரில் முட்டிய நொடியில் அந்த மூலை திடீரென இறுகும், முன் டயர் பிடியை விடும், கார் வளையாமல் நேரே போகும். இன்னொன்றும் உண்டு. சக்கரத்தைக் காரோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போகுமளவு காரை இறக்கினால், ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையம்) காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். கார் முன்னைவிட அதிகமாகவே சாயும். இறக்கியும் ஏன் சாய்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். குழு பரிந்துரைக்கும் எல்லை 20 மி.மீ., மிஞ்சினால் 25.

வேகத்தடைகளும் இதையே சொல்கின்றன. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்கவேண்டும். திருவட்டார், குலசேகரம் பக்கத்து ஊர்ச்சாலைகளில் கிடப்பவை அந்த அகலத்தில் பாதிகூட இல்லாத செங்குத்து மேடுகள். நாலு பேர் ஏறினால் பின்புறம் மட்டும் 35 மி.மீ. அளவுக்கு அமிழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

பயணம் எவ்வளவு மிச்சம் என்பதை அறிய ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் பளபளப்பான தண்டில் டையைக் கட்டி, ஆயில் சீலை ஒட்டும்வரை கீழே தள்ளிவிட்டு ஓட்டுங்கள். சக்கரம் மேலேறும்போதெல்லாம் சீல் அதைத் தள்ளிவைக்கும். பிறகு சீலுக்கும் டைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் எவ்வளவு பயணம் செலவானது என்பது மி.மீ. கணக்கில் கிடைக்கும். டை ஸ்டாப்பரில் போய் நசுங்கியிருந்தால், ஸ்பிரிங் மென்மை அல்லது கார் தாழ்வு, இரண்டில் ஒன்று.

ஸ்பிரிங் தேர்வுக்குக் குழு வகுத்த கணக்கு எளிது. ஒரு சக்கரம் தாங்கும் மொத்த எடையிலிருந்து வீல், டயர், பிரேக், ஹப் எடையைக் கழியுங்கள். மீதி கிலோவை 101-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1.6 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய வீல் ரேட் (சக்கரம் 1 மி.மீ. ஏற வேண்டிய விசை) நியூட்டன்/மி.மீ.யில் வரும். 1.8 ஹெர்ட்ஸுக்கு 128-ஆல் பெருக்கவேண்டும். ஹெர்ட்ஸ் என்பது காரின் அந்த மூலை நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பது. கம்பெனி ஸ்பிரிங் 1.2 முதல் 1.4 வரை இருக்கும். 2-க்கு மேல் போனால் தக்கலையிலிருந்து களியக்காவிளை போய்வருவதே தண்டனையாகிவிடும்.

1100 கிலோ கார், முன்னால் 62 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஒன்றுக்கு 341 கிலோ, அதில் ஸ்பிரிங்கின் மேல் நிற்பது சுமார் 305. 1.6 ஹெர்ட்ஸுக்கு 30.8 நியூட்டன்/மி.மீ. மெக்ஃபெர்சனில் சக்கரம் 1 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் சுமார் 0.95 அமுங்கும். அதன் இருமடியான 0.9-ஆல் வகுத்தால் ஸ்பிரிங் ரேட் 34, அதாவது கிலோ கணக்கில் 3.5 கிலோ/மி.மீ. பின்சக்கரம் ஒன்றில் ஸ்பிரிங்கின் மேல் நிற்பது 180 கிலோ, 1.8 ஹெர்ட்ஸுக்கு 23 நியூட்டன்/மி.மீ. ட்விஸ்ட் பீமில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி உட்காரும். பீம் காரோடு சேரும் ரப்பர் புஷ்ஷிலிருந்து ஸ்பிரிங் வரை உள்ள தூரத்தை, புஷ்ஷிலிருந்து சக்கர மையம் வரை உள்ள தூரத்தால் வகுத்து, அதன் இருமடியைப் பயன்படுத்துங்கள். வகுத்து 0.8 வந்தால் ஸ்பிரிங் 36 நியூட்டன்/மி.மீ., அதாவது 3.7 கிலோ/மி.மீ. பின்புறத்துக்கு ஏன் கூடுதல் ஹெர்ட்ஸ் என்றால், மேட்டில் பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. அது வேகமாக ஆடி முன்புறத்தை எட்டிப்பிடித்தால்தான் காரின் மூக்கு ஆடாது. முன்சக்கர டிரைவ் காருக்கு வளைவில் திரும்பவும் அது உதவும்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் ஒழியவில்லை. சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் சீட்டை விட்டு விலகும், திரும்ப உட்காரும்போது இடம் மாறி உட்காரும். அப்படிப்பட்ட காரைச் சங்கத்தின் டிராக் பயணத்தில் சேர்ப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. பொதுக்குழு இதை உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

ஷாக் விஷயத்தில், புது ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் ஈடுகொடுக்காது என்பதே பலர் கண்ட உண்மை. இறுக்கத்தைக் கிளிக் கிளிக்காக மாற்றும் வசதியுள்ள ஷாக் என்றால் முழு இறுக்கத்திலிருந்து தளர்த்திக்கொண்டே எண்ணுங்கள், நடுவில் தொடங்குங்கள், ஒரே அச்சின் இரு பக்கமும் இரண்டிரண்டு கிளிக்காக மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது காட்டும் தடையை) அதிகம் இறுக்குவதே அதிகம் நடக்கும் தவறு. சக்கரம் ஒரு குழியிலிருந்து மீண்டு நீள்வதற்குள் அடுத்த குழி வந்துவிடும். கார் படிப்படியாகத் தாழ்ந்து ஸ்டாப்பரில் உட்கார்ந்துவிடும். ஒட்டுப்போட்ட சாலையில் கார் வரவரக் கல்லாக அடிக்கிறது என்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன் ரீபவுண்டை நாலு கிளிக் தளர்த்திப் பாருங்கள்.

மாட்டும்போது செய்யும் பிழைகள் சில திரும்பத் திரும்ப வந்தன. லோயர் ஆர்ம் போல்ட்டையும் பீமின் புஷ் போல்ட்டையும் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்ற நிலையில்தான் கடைசி இறுக்கம். ஸ்ட்ரட்டின் மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காதீர்கள். தண்டு சுழன்று உள்ளே சீல் கெடும். ஒருமுறை கழற்றிய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். வீல் போல்ட் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். சங்கம் வாங்கியுள்ள டார்க் ரெஞ்சும் ஸ்பிரிங் கம்ப்ரஸரும் பதிவேட்டில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

அலைன்மென்ட்டுக்கு வருகிறேன். கேம்பர் என்பது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம், மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ். டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, வெளியே என்றால் டோ அவுட். ஊர் ஓட்டத்துக்கு முன்சக்கரக் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, டோ பூஜ்யம். டிராக்குக்கு மைனஸ் 2 முதல் 2.5. அதற்குமேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தும் கேம்பர் பிளேட் தேவை. கேம்பரை மாற்றப் போடும் கேம்பர் போல்ட் மெலிதாக இருப்பதால் குழியில் நழுவும், எனவே பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தால் நகர்ந்தது தெரியும். கேம்பரைத் தொட்டால் டோவும் மாறும். மறக்காமல் இரண்டையும் பாருங்கள். டிராக்கில் பக்கத்துக்கு 1 மி.மீ. டோ அவுட் வைத்தால் கார் சட்டென்று திரும்பும். ஆனால் அந்த அமைப்போடு ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணற்றில் வடக்கே திரும்பினால், மேல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஸ்டியரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே மதுரை வரை போகவேண்டும். டயரின் உள்விளிம்பைத் தின்பதும் பெரும்பாலும் இந்த டோ அவுட்தான், கேம்பர் அல்ல. ஆகவே டோ பூஜ்யத்தோடு போய், விரும்புவோர் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற மெஷின் வேண்டாம். நாலு ஸ்டாண்டு, இரண்டு நூல், ஒரு ஸ்கேல் போதும். காருக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அளந்து கழியுங்கள். 16 இஞ்ச் ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் 0.14 டிகிரி. கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு. அதே ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 7 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் 70 கிலோ மணல்மூட்டை இருக்கட்டும், காற்று சரியாக இருக்கட்டும், ஜாக்கியிலிருந்து இறக்கியதும் காரை முன்பின் உருட்டி அமரவிடுங்கள்.

காற்றழுத்தம் டிராக்கில் சூட்டில் 34 முதல் 36 பிஎஸ்ஐ நிற்கவேண்டும். சாலை டயர் சூடானால் 5 முதல் 7 ஏறும் என்பதால் குளிரில் 28, 29-இல் தொடங்குங்கள். டயர் விளிம்பில் சாக்பீஸால் கோடிட்டு ஓட்டினால், சைடு வாலின் முக்கோணக் குறியைத் தாண்டி அழிந்திருக்கிறதா என்பது தெரியும். தாண்டினால் காற்றோ கேம்பரோ போதாது. ஊருக்குக் கிளம்புமுன் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள். வளைவின் நடுவில் முன்புறம் நழுவினால் முதலில் முன் காற்று, பிறகு கேம்பர், கடைசியாகத்தான் பின் ஸ்டெபிலைசர் பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி). வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவது இந்தக் கார்களுக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். மழைக்காலம் நமக்கு ஆண்டில் இருமுறை. கூடுதல் பின் பார் போட்டவர்கள் அப்போது அதை மென்மையான துளைக்கு மாற்றவேண்டும். டயர் பள்ளம் 3 மி.மீ.க்குக் குறைந்தால், சட்டம் 1.6 வரை விட்டாலும், சங்கம் விடாது. பிரேக் ஆயிலை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். டாட் 4 வகைப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155.

கடற்கரை உறுப்பினர்களுக்கு ஒரு தனிச்சொல். குளச்சல், முட்டம் பக்கம் ஓடும் காரில் காயிலோவரின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய், உயரத்தை மரையால் மாற்றும் அமைப்பின்) மரை ஒரே ஆண்டில் உப்பால் இறுகும். மாட்டும்போதே மரை இறுகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவி, மரையை மூடி, மாதமொருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணவாளக்குறிச்சியின் கருமணலில் கார்னெட் உண்டு. உப்புத்தாள் செய்யும் அதே கடினக் கல். ஷாக்கின் தண்டை மூடும் டஸ்ட் பூட் கிழிந்து அந்தத் துகள் தண்டில் ஒட்டினால் சீல் சில வாரத்தில் கசியும். விரல் நகத்தால் தண்டைத் தடவிப் பாருங்கள், கீறல் தட்டுப்பட்டால் தாமதிக்காதீர்கள். ஸ்பிரிங் ஒடிவது பெரும்பாலும் அடிச்சுற்றில். ரப்பர் சீட் தேய்ந்து பெயின்ட் உரிந்த இடத்தில் துருக்குழி விழும், விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

சட்டம் பற்றி உறுப்பினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. எதையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள், கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் விற்றுவிடாதீர்கள். பந்தயத்திலும் வேகச்சோதனையிலும் நேரும் சேதத்துக்கு வழக்கமான காப்பீடு பொருந்தாது.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. நான்கு சக்கர எடைத்தராசு ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்குவது. டயரின் உட்புறம், நடு, வெளிப்புறம் அளக்கும் ஊசி வெப்பமானி ஒன்றை வாங்குவது. கேம்பர், டோ, கிளிக், குளிரிலும் சூட்டிலும் டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றை எழுதும் தாளைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் நிரப்பித் தருவதை எல்லா உறுப்பினருக்கும் கட்டாயமாக்குவது. இவற்றை விவாதித்து நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்